போலீஸ் எடுத்துப் போன நகை, பணம், வண்டி: எழுத்தில் வராத பொருளை எப்படி மீட்பது?

கேள்வி இதுதான். மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்துக் கிராமம். தம்பியைத் திருட்டு வழக்கில் கைது செய்த அன்று போலீசார் வீட்டுக்கு வந்து அவருடைய பைக், செல்போன், அம்மாவின் 3 பவுன் சங்கிலி, ஆடு விற்று வைத்திருந்த 42,000 ரூபாய் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். கையில் ஒரு சீட்டும் தரவில்லை. நான்கு மாதம் கழித்து, காவலில் வைக்கக் கேட்டு போலீஸ் கோர்ட்டில் கொடுத்த ரிமாண்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தால் பைக்கும் போனும் மட்டுமே இருக்கின்றன. அந்த பைக்கையும் ஸ்டேஷன் ஆள் ஒருவர் ஓட்டிப் போவதை ஊரில் பார்த்திருக்கிறார்கள். சங்கிலியும் பணமும் திரும்ப வருமா, யாரிடம் போவது, கேட்டால் தம்பியின் வழக்கு கெட்டுப்போகுமா?

வர வழி இருக்கிறது. ஆனால் நான்கு பொருளையும் ஒரே மனுவில் போட்டுவிடாதீர்கள். பைக்கும் போனும் எழுத்தில் ஏறியவை. அவற்றைக் கேட்பது மாஜிஸ்திரேட் முன் ஒரு சாதாரண மனு. சங்கிலியும் பணமும் எழுத்தில் ஏறாதவை; அவற்றைக் கேட்பது ஒரு குற்றப் புகார். இரண்டையும் கலந்தால், புகாருக்குப் பதில் சொல்லும் சாக்கில் பைக் மனுவும் மாதக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டே போகும்.

கைப்பற்றிய பொருள் ஸ்டேஷனுக்குச் சொந்தமானது அல்ல. அது நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்குப் போக வேண்டிய பொருள். போலீஸ் வெறும் காவல்காரர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102), கைப்பற்றியதை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்கத் தாமதமானதாலேயே கைப்பற்றியது செல்லாமல் போய்விடாது, ஆனால் தாமதத்துக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே “நாலு மாசம் தெரிவிக்கல, அதனால பொருளைக் கொடு” என்ற ஒற்றை வாதம் நிற்காது. யாருடையது, என்ன எடை, யார் எடுத்தார் என்பதைக் காட்டத்தான் வேண்டும்.

நடக்க வேண்டிய காகித வேலையைத் தெரிந்துகொண்டால் எங்கே ஓட்டை விழுந்தது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வீட்டில் சோதனை நடந்தால் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, வீட்டில் இருப்பவருக்கு ஒரு நகல் தர வேண்டும். இதைத்தான் கோர்ட்டில் மகஜர் என்றும் அத்தாட்சி என்றும் சொல்வார்கள். கைதானவரின் உடம்பிலிருந்து எடுத்த மோதிரம், பர்ஸ், அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளி வரைக்கும் ரசீது தர வேண்டும். இது அதே சன்ஹிதாவின் 49-ஆம் பிரிவு. சோதனையும் கைப்பற்றலும் வீடியோவில் பதிவாக வேண்டும், பட்டியல் எழுதுவதும் சாட்சி கையெழுத்துப் போடுவதும் அந்த வீடியோவில் இருக்க வேண்டும், வீடியோ தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு. பிறகு பொருள் ஃபார்ம் 91, ஃபார்ம் 95 என்று வழக்கறிஞர்கள் சொல்லும் படிவத்தோடு கோர்ட்டுக்குப் போகும். அங்கே சொத்துப் பதிவேட்டில் ஏறி ஆர்.பி. எண் கிடைக்கும். அந்த எண் விழுந்த பிறகு பொருளைக் காணாமல் அடிப்பது மிகக் கடினம். விழும் முன்பு அது ஸ்டேஷன் ரைட்டரின் (எழுத்து வேலை பார்க்கும் காவலரின்) அலமாரியில், அல்லது யாராவது ஒருவரின் மேசை டிராயரில் இருக்கும். கேள்வியில் உள்ளது போன்ற குறைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் உண்டாகின்றன.

கிராமங்களில் இன்னொன்று நடக்கிறது. சாட்சியாகக் கிராம நிர்வாக அலுவலரையும் கிராம உதவியாளரையும் போடுவார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டார்கள். ஸ்டேஷனிலோ தாலுகா அலுவலகத்திலோ எழுதி முடித்த தாளில் கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பார்கள். உங்கள் மகஜரில் யார் கையெழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அன்று அந்த நேரத்தில் அவர் வேறு இடத்தில் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் அது மிகப் பெரிய துருப்பு. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் எதிரி அல்ல. நாளை அவரே உண்மையைச் சொல்லும் சாட்சியாக வரலாம்.

இனி பொருள்வாரியாக, எப்படிக் குறைகிறது, எப்படிப் பிடிப்பது.

தங்கம்தான் அதிகம் மாயமாவது. மகஜரில் “மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று, எடை சுமார் 3 பவுன்” என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். 3 பவுன் என்றால் 24 கிராம். “சுமார்” என்ற இடத்தில் ஒன்றிரண்டு கிராம் தாராளமாகக் கரையும். கல், அரக்கு, நூல் சேர்ந்த மொத்த எடையா, நிகர எடையா என்று சொல்லாவிட்டால் இன்னும் கரையும். எடை மில்லிகிராம் வரை வர வேண்டும், உருவம் சொல்ல வேண்டும் (முறுக்குச் செயினா, கொக்கி எப்படி, எந்த இடத்தில் பற்ற வைத்த தடம் இருக்கிறது), ஹால்மார்க் நகையானால் அதன் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண்ணை எழுத வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு இந்த எண் கட்டாயம், ஒரு எண் ஒரு நகைக்குத்தான். பொருளை மாற்றி வைப்பதைப் பிடிக்க எடைதான் நல்ல கருவி: பித்தளையின் அடர்த்தி 22 காரட் தங்கத்தின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவு, அதே பருமனில் முலாம் பூசிய பித்தளைச் சங்கிலி 24 கிராமுக்குப் பதில் 12 கிராம்கூட நிற்காது. எடை சரியாக எழுதியிருந்தால் முலாம் நகையை உள்ளே வைத்து ஏமாற்ற முடியாது.

அம்மாவின் சங்கிலி பழையது என்றால் எச்.யு.ஐ.டி. இருக்காது. கடை பில்லும் இருக்காது. கவலை வேண்டாம், அதைவிட நல்ல ஆவணம் ஒன்று பல வீடுகளில் இருக்கிறது: பழைய அடகுச் சீட்டு. கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ எப்போதாவது வைத்து மீட்டிருந்தால், மதிப்பீட்டாளர் எடை போட்டு எழுதிய மொத்த எடை, நிகர எடை, உருவ விவரம் எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டு தொலைந்திருந்தால் வங்கியில் கடன் கணக்கு விவரம் கேட்டு எழுதிக் கொடுங்கள். அதற்கு அடுத்தபடி கல்யாணம், காதுகுத்துப் படங்கள். சங்கிலியும் கொக்கியும் தெளிவாகத் தெரியும் இரண்டு படம் போதும்.

இதில் நீங்கள் உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. திருட்டு வழக்கில் எத்தனை பவுன் ரெக்கவரி (மீட்ட நகை) என்பதுதான் குற்றப்பிரிவுக்கு மேலிடத்திலிருந்து வரும் கேள்வி. திருடிய நகை உருக்கப்பட்டோ விற்கப்பட்டோ போயிருந்தால் கணக்கை நிரப்பக் கைதானவரின் குடும்ப நகையிலோ அடகுக் கடையிலோ கை வைப்பதாகப் பல காலமாகப் புகார் உண்டு. மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்களும் ஊர் அடகுக் கடைக்காரர்களும் இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள்: “இவன் உங்க கிட்டதான் வித்தேன்னு சொல்றான்” என்று அழைத்து வந்து நிறுத்துவது, ரசீதில்லாமல் நகை வாங்கிப் போவது. உங்கள் சங்கிலியும் வேறொரு வழக்கில் ரெக்கவரியாக எழுதப்பட்டிருக்கலாம். அப்படியானால் அந்த வழக்கின் புகார்தாரர் அதைத் தன் நகை என்று இடைக்காலத்தில் வாங்கிப் போய்விடுவார். ஆகவே தம்பியைச் சேர்த்திருக்கும் எல்லா வழக்குகளின் எண்ணையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ரெக்கவரி என்ன என்று பாருங்கள். எதிலாவது 24 கிராம் அளவில் சங்கிலி இருந்தால் அன்றே ஆட்சேப மனு போட வேண்டும்.

ரொக்கம் அதற்கு அடுத்தது. சரியாக எழுதினால் “500 ரூபாய் நோட்டு 80, 200 ரூபாய் நோட்டு 10, ஆக 42,000” என்று வரும். பெரிய தொகையானால் வரிசை எண்ணும், படமும். பணம் விஷயத்தில் உங்கள் சிக்கல், அது எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. திருமங்கலம் ஆட்டுச் சந்தை போன்ற இடத்தில் பில் கிடையாது. வாங்கிய வியாபாரி யார், எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தக் கிழமை என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். அவர் ஜிபே மாதிரி எதிலாவது ஒரு பகுதி அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே போதிய துணை. ஆதாரம் இல்லாத தொகையை ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். 42,000 என்பதை 50,000 என்று எழுதினால் சங்கிலிக்கான புகாரும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வண்டி மாயமாவது குறைவு, தேய்வது அதிகம். ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற பைக்கின் பேட்டரி சில மாதத்தில் இறங்கிப் பிறகு சார்ஜ் ஏறாது. பெட்ரோல் கெட்டு கார்புரேட்டரில் பிசின் கட்டும். டயர் ஒரே இடத்தில் அமுங்கி வெடிக்கும். வயரை எலி கடிக்கும். இது கவனக்குறைவு. கண்ணாடி, ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம், புது டயர் கழன்று பழைய டயர் ஏறுவது வேறு கணக்கு. அதனால் மகஜரில் என்ஜின் எண், சேஸ் எண்ணோடு ஓடிய கிலோமீட்டர், பேட்டரியின் வரிசை எண், டயர் கம்பெனி, டயரில் பதித்திருக்கும் வாரம்–ஆண்டு நான்கு இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். பொதுவாக இருக்காது. அப்படியானால் கடைசியாக சர்வீஸ் விட்ட பில்லைத் தேடுங்கள், அதில் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள்.

போலீஸ்காரர் ஓட்டிப் போனார் என்பதை ஊரார் வாய்மொழியாகச் சொல்வதைவிட வண்டியே காட்டிக்கொடுக்கும். பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கைப்பற்றிய தேதிக்குப் பிறகு ஹெல்மெட் அபராதமோ சிக்னல் அபராதமோ விழுந்திருந்தால் இடமும் நேரமும் அதில் இருக்கும், சில நேரம் படமே இருக்கும். கார் என்றால் ஃபாஸ்டேக் கணக்கு: கப்பலூர் டோலில் காசு கழிந்த குறுஞ்செய்தி உரிமையாளரின் போனுக்குத்தான் வரும். பொது இடத்தில் ஓடும்போது யாராவது எடுத்த படம் இருந்தால் அசல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய நகலில் தேதி விவரம் போய்விடும். அந்த வண்டி அப்போது விபத்தில் சிக்கினால் இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயர்தான் உரிமையாளராக வரும். அதனால் பார்த்த உடனே, விபத்துக்குக் காத்திருக்காமல், எஸ்.பி. அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் எழுத்தில் சொல்லி வைப்பது அவசியம்.

செல்போனுக்கும் இதே வழி. ஐ.எம்.இ.ஐ. எண் மகஜரில் இருக்கிறதா பாருங்கள். ஆதாரமாக எடுத்த போன் அணைத்து, உறையிட்டு, முத்திரை வைத்து இருக்க வேண்டும். கைப்பற்றிய தேதிக்குப் பிறகு அது இணையத்தில் உயிரோடு இருந்ததா என்று தம்பியின் கூகுள் கணக்கில் சாதனங்கள் பகுதியைத் திறந்தால் கடைசியாக இயங்கிய நாள் தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அத்தோடு நிறுத்துங்கள். வெளியிலிருந்து அந்தப் போனில் உள்ளதை அழிப்பதோ பூட்டுவதோ கூடாது. சாட்சியத்தை அழித்ததாகத் தம்பி மேல் திரும்பும்.

இதெல்லாம் இந்த ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. இன்று இந்தியா முழுவதும் வண்டி மீட்கப் போகும் ஒவ்வொரு மனுவிலும் மேற்கோள் காட்டப்படும் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கே (2002) போலீசார் மேல் வந்த வழக்குத்தான். குஜராத்தில் ஸ்டேஷனில் இருந்த வழக்குப் பொருட்களை எடுத்துவிட்டுப் போலியை வைத்தது, பணத்தைக் கையாடியது, விசாரணை முடியும் முன்பே பொருளை ஏலம் விட்டது, பதிவேட்டைத் திருத்தியது என்பவைதான் குற்றச்சாட்டு. அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், எந்தப் பொருளும் ஸ்டேஷனில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கக் கூடாது; படம் எடுத்து, விவரமாகப் பட்டியல் எழுதி, பிணை வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னது. விசாரணையின்போது பொருளுக்குப் பதில் படமும் பட்டியலும் சாட்சியமாக நிற்கும். உங்கள் பைக் மனுவுக்கு இதுவே முதுகெலும்பு.

போதைப்பொருளில் இதன் இன்னொரு முகம். 2023-ல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கில், ஆய்வுக்கு அனுப்பிய சிறு மாதிரி போக மீதியை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொல்ல, இருவர் விடுதலையானார்கள். வழக்குப் பொருளைக் காக்கத் தவறினால் நிரபராதியின் நகையும் போகும், குற்றவாளியின் தண்டனையும் போகும். ஒழுங்காக வேலை பார்க்கும் போலீசாருக்கும் இதில் நஷ்டம்தான். ஆறு மாதம் அலைந்து பிடித்த வழக்கு அலமாரியில் தோற்கிறது.

ஸ்டேஷன் தரப்பிலும் நியாயம் கொஞ்சம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. பல ஸ்டேஷன்களில் பெட்டகம் கிடையாது. பொருளைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போனால் உறை சரியில்லை, சீட்டு ஒட்டவில்லை, அறையில் இடமில்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. ஆனால் திருப்பி அனுப்பியது எழுத்தில் இருக்கும். இருந்தால் அது தாமதம். இல்லாவிட்டால் அது வேறு. ஆய்வாளர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வழக்குப் பொருட்களும் வர வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்த நான்கு மாதத்தில் ஆய்வாளர் மாறியிருக்கிறாரா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்தப் பட்டியலை வரவழைக்கக் கேட்கலாம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: வீட்டுக்கு வந்தது அந்த ஸ்டேஷன் ஆட்களா, தனிப்படையா? தனிப்படை வந்தால் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் அவர்கள் புறப்பட்டதும் திரும்பியதும் இருக்காது, எடுத்த பொருள் யார் கையில் என்பதும் தெரியாது. 2025 ஜூனில் திருப்புவனம் மடப்புரத்தில் கோயில் காவலாளி போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதும் நகை காணோம் என்ற ஒரு புகாரில் தனிப்படை இறங்கியதால்தான். அதற்குப் பிறகு அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்க டி.ஜி.பி. உத்தரவிட்டார். பறித்த பணம் பற்றிய புகார் மேலே போனால் எதுவும் நடக்காது என்ற அவநம்பிக்கையும் வேண்டாம்: 2021-ல் நாகமலை புதுக்கோட்டை காவல் ஆய்வாளர் ஒருவர் மீதே, இளையான்குடிக்காரர் ஒருவரிடம் 10 லட்சம் ரூபாயைப் பறித்ததாக வழக்குப் பதிவாகி அவர் கைதானார்.

இப்போது செய்ய வேண்டியது. அடிப்படையான வேலை நகல் மனு. திருமங்கலம் நீதித்துறை நடுவர் கோர்ட்டில் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் ரிப்போர்ட், ஒப்புதல் வாக்குமூலமும் கைப்பற்றுதல் மகஜரும், பொருள் அனுப்பிய படிவம், 105-ஆம் பிரிவின் கீழ் வந்த வீடியோ இருக்கிறதா என்ற விவரம் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். வீடியோ கோர்ட்டுக்கு வரவே இல்லை என்றால் அதையே எழுத்தில் பதிவாக்குங்கள்.

பைக்குக்கும் போனுக்கும் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின் கீழ் இடைக்காலத்தில் ஒப்படைக்கும் மனு. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போட வேண்டும்; தம்பி பெயரில் இருந்து அவர் சிறையில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரத்தைச் சிறை அதிகாரி சான்றோடு வாங்குங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை வேண்டும். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பியுங்கள், அது இல்லாமல் விடமாட்டார்கள். கோர்ட் போலீசிடம் அறிக்கை கேட்கும். பிறகு ஒரு தொகைக்குச் சொந்தப் பிணையும் ஜாமீன்தாரரும், விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உத்தரவு வரும். பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் கோர்ட் பட்டியல் தயாரிக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைப்பு பற்றி உத்தரவிட வேண்டும் என்று 497-ஆம் பிரிவு கெடு வைக்கிறது. மனுவில் இந்த இரண்டு எண்ணையும் குறிப்பிடுங்கள். போன் தடயவியல் ஆய்வுக்குப் போயிருந்தால் அறிக்கை வரும்வரை தரமாட்டார்கள். பைக்கை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம், தனி மனுவாகப் போடுங்கள். கஞ்சா வழக்காக இருந்தால் சிறப்பு நீதிமன்றம், மதுவிலக்கு வழக்காக இருந்தால் வண்டியைப் பறிமுதல் செய்யும் தனி நடைமுறை. உங்களுக்கு அது பொருந்தாது.

சங்கிலிக்கும் பணத்துக்கும் புகார் கொடுக்க வேண்டியவர் அம்மா. நகை அவருடையது என்பது ஒரு காரணம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பது இன்னொரு காரணம். மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். அவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், ஸ்டேஷனுக்கு அழைக்க முடியாது என்பது மூன்றாவது. புகாரில் தேதி, நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையா சாதாரண உடையா, வந்த வண்டி, எந்த அறையில் எந்த டப்பாவிலிருந்து சங்கிலியை எடுத்தார்கள், அப்போது அங்கே நின்ற அண்டை வீட்டார் யார் என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் யூகித்து எழுத வேண்டாம். பார்த்தால் அடையாளம் காட்டுவேன் என்று எழுதுங்கள்.

அந்தப் புகாரை ஸ்டேஷனுக்கும், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கும் அனுப்புங்கள், அதே சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான். வேறு உட்கோட்டத்து டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். முதல்வர் தனிப்பிரிவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் அந்த மனு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கே வந்து “விசாரித்து முடிக்கப்பட்டது” என்று மூடப்படும் வாய்ப்பு அதிகம். எஸ்.பி.யிடமிருந்து அசைவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட் முன் 175-ஆம் பிரிவு மனு. அரசு ஊழியர் பணியின்போது செய்தது பற்றிய புகார் என்றால் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் பார்த்த பிறகே விசாரணைக்கு உத்தரவிட முடியும் என்று 175(4) சொல்கிறது. கொஞ்சம் காலம் பிடிக்கும், மனம் தளர வேண்டாம். ஒப்படைக்கப்பட்ட பொருளை அரசு ஊழியர் கையாடினால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 316(5): ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. பதிவேட்டைத் தவறாக எழுதினால் 256. இந்த இரண்டையும் புகாரில் சேருங்கள். அதற்கும் வழி பிறக்கவில்லை என்றால் ஒத்தக்கடை அருகே உலகனேரியில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இந்தப் பட்டியலில் எதற்கும் முன்பாக, இந்த வாரமே செய்ய வேண்டியது சி.சி.டி.வி. மனு. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டது, கருவி பழுது என்ற பதில்கள் வரும். ஆகவே கைதான நாள் மாலை முதல் மறுநாள் ரிமாண்ட் வரை, வாசல், வரவேற்பு, ரைட்டர் அறைப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலும், கோர்ட்டில் ஒரு மனுவும் போடுங்கள். தெருவில் கடைக் கேமரா, எதிர்வீட்டுக் கேமரா இருந்தால் அதன் பதிவு நான்கு மாதம் இருக்காது. அன்று யாராவது நகல் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

தம்பியின் வழக்குக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். சரியாகச் செய்தால் கெடுதல் இல்லை. வீட்டிலிருந்து எடுத்ததில் பாதியை எழுதவில்லை என்று நிரூபணமானால் அந்த மகஜரையே நம்ப முடியாது என்ற வாதம் அவருக்குக் கிடைக்கிறது. அடுத்த வாய்தாவில் மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, வீட்டிலிருந்து சங்கிலியும் பணமும் எடுத்தார்கள், ரசீது தரவில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும், வழக்கறிஞர் அதை மெமோவாகக் கொடுக்கட்டும். ஆனால் அம்மாவின் புகாரில் திருட்டு பற்றி ஒரு வரிகூட வேண்டாம். “அவன் எடுத்த நகை வேறு, இது வேறு” என்று எழுதிவிட்டால் அதுவே அவருக்கு எதிராகப் போய்விடும். மனுவைத் தம்பியின் வழக்கறிஞர் ஒருமுறை படித்த பிறகே கொடுங்கள்.

நடுவில் யாராவது “கையெழுத்துக்கு இவ்வளவு கொடுத்தா வண்டிய விட்டுடுவாங்க” என்று வரலாம். கொடுக்காதீர்கள், மதுரை லஞ்ச ஒழிப்புத் துறையிடம் முன்கூட்டியே போனால் பொறி வைப்பார்கள். வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டிருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்தால் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. சங்கிலியை மட்டும் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றும் பேசுவார்கள். வாங்குவதானால் கோர்ட் வழியாக, எழுத்தில் மட்டும் வாங்குங்கள். தெருமுனையில் வாங்கினால் நாளை அதையே திருட்டு நகை என்று மறுபடி எழுதலாம்.

பொருளே போய்விட்டது என்று ஆனாலும் விஷயம் முடிந்துவிடாது. 1947-ல் மீரட்டில் ஒரு நகை வியாபாரியிடம் போலீஸ் கைப்பற்றிய 103 தோலாவுக்கு (பழைய எடை அளவு) மேற்பட்ட தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் போய்விட்டார். அரசு பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஸ்தூரிலால் வழக்கு என்று அதை இன்றும் அரசு வழக்கறிஞர்கள் எடுத்து வைப்பார்கள். அதற்குப் பதில் 1977-ன் பசவ்வா வழக்கு: போலீஸ் காவலில் இருந்த நகை காணாமல் போனது, உரிய அக்கறை எடுத்துக் காத்ததாக அரசு காட்டவில்லை, ஆகவே அதன் மதிப்பான 10,000 ரூபாயை அரசு உரியவருக்குத் தர வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கில், கைப்பற்றிய உரம் கெட்டுப்போனதற்கும் அரசு பொறுப்பு என்றது. உங்கள் மனுவில் மாற்றுக் கோரிக்கையாக, பொருளைத் தர முடியாவிட்டால் உத்தரவு நாளின் தங்க விலையில் 24 கிராமுக்கான மதிப்பு என்று சேர்த்துவிடுங்கள். எடுத்த நாளின் விலையில் கேட்டால், இடையில் விலை ஏறியிருக்கும்போது அந்தப் பணத்தில் அதே எடைச் சங்கிலி வாங்க முடியாது.

ஒப்படைக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். உறையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா பார்த்து, கோர்ட் ஊழியர் முன் பிரித்து, உரைத்துப் பார்க்கத் தெரிந்த ஆசாரி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எடை போட்ட பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள். பைக்கானால் கிலோமீட்டரைப் படம் எடுத்து, பேட்டரி, டயர், கண்ணாடி பார்த்து, குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலே “இன்னின்ன குறையுடன் பெற்றேன்” என்று எழுதி, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுங்கள்.